காரின் 12 வோல்ட்டில் மடிக்கணினியை இயக்க இன்வெர்ட்டர் அவசியமா?

காற்றாடிக்காடு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் காற்றாலைப் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் சொந்தக் காரில் சென்று, காற்றாலையின் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு, இயந்திரத்தின் பதிவுகளை மடிக்கணினியில் இறக்கி ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். ஓர் இடத்தில் நான்கு மணி நேரம் வரை உட்கார நேரிடும். தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான கிலோவாட் மின்சாரம் உற்பத்தியாகிக்கொண்டிருந்தாலும், கோபுரத்தின் அடியில் உள்ள பிளக்கில் சொந்தச் சாதனங்களைச் செருகக் கூடாது என்பது எங்கள் விதி. ஆகவே காரின் மின்சாரத்தைத்தான் நம்பியிருக்கிறேன்.

வண்டி சிறிய பெட்ரோல் கார். அதன் பேட்டரி 35 ஆம்பியர்-மணி (அதாவது ஓர் ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் தரும் கொள்ளளவு); மாற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மடிக்கணினியின் அடாப்டரில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. 300 வாட் இன்வெர்ட்டர் ஒன்றை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி, அதில் அந்த அடாப்டரைப் பொருத்திப் பயன்படுத்துகிறேன். இன்வெர்ட்டரின் விசிறி ஓயாமல் இரைகிறது. கையால் தொட்டால் சூடாக இருக்கிறது. சில நாள் மாலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றாமல் 'டிக் டிக்' என்ற ஓசை மட்டும் கேட்கிறது. இத்தனைக்கும் பேட்டரி குறைந்தால் ஒலிக்கும் என்று சொல்லப்பட்ட எச்சரிக்கை மணி ஒருநாளும் ஒலித்ததில்லை.

65 வாட் அடாப்டருக்கு 300 வாட் இன்வெர்ட்டர் தாராளமாகப் போதும் என்றுதான் கடையில் சொன்னார்கள். அப்படியிருக்க மின்சாரம் எங்கே போகிறது? இன்வெர்ட்டரே இல்லாமல் 12 வோல்ட்டிலிருந்து நேராக மடிக்கணினிக்குக் கொடுக்க நம்பகமான வழி உண்டா?

ஆம்பியர் எழுதியது:

உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியின் 12 வோல்ட் டி.சி. (ஒரே திசையில் ஓடும்) மின்சாரத்தை, வீட்டில் வருவதைப் போன்ற 230 வோல்ட் ஏ.சி.யாக (திசை மாறி மாறி ஓடுவதாக) உயர்த்துகிறது. அதைப் பெறும் அடாப்டர் முதல் வேலையாக அதை மீண்டும் டி.சி.யாக்கி, 300 வோல்ட் அளவில் ஒரு கெப்பாசிட்டரில் தேக்கி, பிறகு 19.5 வோல்ட்டுக்கு இறக்குகிறது. பேட்டரிக்கும் மடிக்கணினிக்கும் இடையே இருப்பது ஏழரை வோல்ட் வேறுபாடுதான். அதற்காக இவ்வளவு உயரம் ஏறி இறங்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பங்கு வெப்பமாகப் போகிறது. நல்ல அடாப்டர் 88 விழுக்காடு அளவுக்குத் திறனுள்ளது என்றும், இன்வெர்ட்டர் 90 விழுக்காடு என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இதற்கு மேல், எதையும் செருகாமல் வெறுமனே 'ஆன்' செய்து வைத்தாலே இன்வெர்ட்டர் தன் சொந்தச் சுற்றுக்கும் விசிறிக்கும் 5 முதல் 10 வாட் வரை எடுத்துக்கொள்ளும். 300 வாட்டுக்கு வடிவமைத்த இன்வெர்ட்டரில் 30 வாட் சுமையை மட்டும் ஏற்றும்போது இந்த நிலையான செலவுதான் பெரிதாக உறுத்துகிறது. 'தாராளமாகப் போதும்' என்று கடைக்காரர் சொன்னது பொய்யன்று. ஆனால் அந்தத் தாராளத்துக்கும் நீங்கள்தான் பேட்டரியிலிருந்து விலை கொடுக்கிறீர்கள்.

பதிவுகளைப் பார்ப்பது, அறிக்கை எழுதுவது போன்ற வேலைகளுக்கு மடிக்கணினி சராசரியாக 25 வாட் எடுக்கிறது என்று கொண்டால், அடாப்டருக்குள் 28 வாட்டுக்குச் சற்று மேல் போக வேண்டும். அதைத் தர இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 38 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். நான்கு மணி நேரத்தில் அது ஏறக்குறைய 13 ஆம்பியர்-மணி. மடிக்கணினியின் சொந்த பேட்டரி பாதி காலியாக இருக்கும் நிலையில் செருகினால் அதை நிரப்ப இன்னும் 3, 4 ஆம்பியர்-மணி. ஆக மொத்தம் 17 என்று வையுங்கள். புதிய பேட்டரியிலேயே இது பாதிக் கொள்ளளவு. மூன்று ஆண்டு உழைத்த பேட்டரியில் 35 என்று எழுதியிருந்தாலும் உள்ளே 25 மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். அந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும்போது வோல்டேஜ் விழுந்துவிடுகிறது. 'டிக் டிக்' என்பது அதனால்தான்.

மணி ஏன் ஒலிக்கவில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. இவ்வகை இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 11 வோல்ட்டுக்கு அருகில் எச்சரித்து, 10.5 வோல்ட்டில் நின்றுவிடுகின்றன. ஆனால் ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது என்றும், 12.2 காட்டினால் பாதி என்றும், 11.9 காட்டினால் ஏறக்குறைய வெறுமை என்றும் பொருள். அந்த மணி இன்வெர்ட்டரைக் காப்பாற்ற வைத்தது. மாலையில் உங்கள் எஞ்சின் சுற்றுமா என்ற கவலை அதற்கு இல்லை.

இன்வெர்ட்டரை நீக்கிவிட்டு, 12 வோல்ட்டை நேராக 19.5 அல்லது 20 வோல்ட்டாக உயர்த்தும் டி.சி. கார் சார்ஜரை வைத்தால் திறன் 90 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்கும். அதே 25 வாட்டுக்கு பேட்டரியிலிருந்து 27 வாட் போதும். நான்கு மணி நேரத்துக்கு 9 ஆம்பியர்-மணி. இது நல்ல மிச்சம்தான். ஆயினும், என் கருத்தில், இதைவிடப் பெரிய மிச்சம் எந்த நேரத்தில் மின்சாரம் எடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து காவல்கிணறு வர ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த நேரம் முழுவதும், எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் அளவில் மின்சாரம் தந்துகொண்டிருக்கும். அதில் 65 வாட் என்பது முகப்பு விளக்கு ஒன்றின் செலவு. புறப்படும்போதே மடிக்கணினியை மூடிச் சார்ஜரில் போட்டுவிட்டால், போய்ச் சேர்வதற்குள் அதன் பேட்டரி பெரும்பகுதி நிறைந்துவிடும். 50 வாட்-மணி பேட்டரி என்றால், அங்கே இறங்கியபின் முதல் இரண்டு மணி நேரம் வரை காரைத் தொடவே வேண்டாம். மீதி நேரத்துக்குத் தேவை 55 வாட்-மணி அளவுதான். நேரடிச் சார்ஜரில் அது 5 ஆம்பியர்-மணிக்குள் முடியும். 17 எங்கே, 5 எங்கே! திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, மின்சேமிப்பு நிலையில் வைத்து, 25 வாட்டை 18 ஆக்கினால் அந்த 5-உம் பாதியாகும்.

ஒரு நுணுக்கம் உண்டு. மடிக்கணினி 20 விழுக்காட்டுக்கு இறங்கிய பிறகு செருகினால், அது வேலைக்கும் பேட்டரியை நிரப்பவும் சேர்த்து 60 வாட்டுக்கு மேல் இழுக்கும். எஞ்சின் நிற்கும் நேரத்தில் அதை நிரப்பி முடிக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் செருகி எடுத்தால் 30 வாட்-மணி கிடைத்துவிடும். மீதியைத் திரும்பும் வழியில் நிரப்பிக்கொள்ளலாம்.

மின்னிழை எழுதியது:

மேலே சொன்ன நேரடிச் சார்ஜரை வாங்குவதற்கு முன் மடிக்கணினியில் எந்த வகைத் துளை இருக்கிறது என்று பாருங்கள். உருளை வடிவப் பின் மட்டும் இருந்தால் சிறிது கவனம் தேவை. டெல், எச்.பி. போன்ற நிறுவனங்களின் பல மாதிரிகளில் அந்தப் பின்னின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அதன் வழியாக அடாப்டர் தன் திறனை மடிக்கணினிக்குத் தெரிவிக்கிறது. அந்தச் செய்தி வராவிட்டால், வோல்டேஜ் சரியாகவே இருந்தாலும், டெல் மடிக்கணினி பேட்டரியை நிரப்ப மறுக்கும்; செயலியின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஆகவே பத்துப் பன்னிரண்டு முனைகளோடு, வோல்டேஜைத் திருகி மாற்றும் வசதியோடு வரும் 'அனைத்துக்கும் பொருந்தும்' சார்ஜர்களை நான் பரிந்துரைப்பதில்லை. இருக்கைக்கு அடியில் கிடக்கும்போது கால் பட்டு 24 வோல்ட்டுக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

டைப்-சி துளை வழியாகச் சார்ஜ் ஏற்கும் மடிக்கணினி என்றால் பாதை எளிது. யு.எஸ்.பி. பவர் டெலிவரி முறையில் முதலில் 5 வோல்ட் மட்டுமே வரும். இரு பக்கமும் பேசிக்கொண்ட பிறகுதான் 9, 15, 20 வோல்ட் என உயரும். தவறான வோல்டேஜ் போய்விடுமோ என்ற அச்சம் இதில் மிகக் குறைவு. கேபிளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியருக்கு உரியது. 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் என்று குறித்த, உள்ளே அடையாளச் சில்லு உள்ள கேபிள் வேண்டும். கார் சார்ஜரின் அட்டையில் '100 வாட்' என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், இரண்டு துளைகளுக்கும் சேர்த்த கணக்காக அது இருக்கலாம். பக்கத்துத் துளையில் கைப்பேசியைச் செருகியவுடன் மடிக்கணினிக்கு 45 வாட்டாகக் குறையும். உங்கள் வேலைக்கு 45 போதும் என்றாலும், தெரிந்தே வாங்குவது நல்லது.

காற்றாடிக்காடு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. என் மடிக்கணினியில் டைப்-சி துளை உண்டு. அதன் அருகே சிறிய பேட்டரிப் படமும் இருக்கிறது. அதன் வழியாகவும் சார்ஜ் ஏற்றலாம் என்று கையேட்டிலும் கண்டேன். ஆகவே டைப்-சி கார் சார்ஜரை வாங்கிவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். சாக்கெட்டில் பிளக் செருகும் இடத்தில் பிளாஸ்டிக் சற்றுப் பழுப்பேறி, முன்னால் இருக்கும் சுருள்வில் முனை கறுத்திருக்கிறது. அதற்குப் பதில் பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுப்பது சரியா? அடுத்தது, வண்டியை நிறுத்தியிருக்கும்போது மணிக்கு ஒருமுறை எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட விட்டால் பேட்டரி ஈடுகட்டிக்கொள்ளும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா?

பணிமனை எழுதியது:

வாகன மின்வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஐயா. அந்தப் பழுப்பு நிறத்தை அலட்சியம் செய்யாதீர்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட் என்பது சில நொடிகள் சூடேறி வெளியே தள்ளிவிடும் லைட்டருக்காகப் பிறந்த பொருள். மணிக்கணக்கில் மின்சாரம் ஓடுவதற்கு அதன் தொடுமுனைகள் சிறந்தவை அல்ல. பல கார்களில் சாக்கெட் மூடியிலேயே 120 வாட் என்று எழுதியிருக்கும். அதற்குப் பின்னால் 15 ஆம்பியர் ஃபியூஸ் இருப்பது வழக்கம். 65 வாட் டைப்-சி சார்ஜர் எடுப்பது 6 ஆம்பியர்தான் என்பதால் ஃபியூஸ் போகாது. ஆனால் தொடுமுனை தளர்ந்திருந்தால் அந்த 6 ஆம்பியரே முனையைச் சுட வைக்கும். புதிய சார்ஜரைச் செருகி இருபது நிமிடம் கழித்துக் கழற்றி, முனையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, விரலை வைக்க முடியவில்லை என்றால் சாக்கெட்டை மாற்றிவிடுங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று 15-ஐ எடுத்துவிட்டு 25 போடும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் ஃபியூஸுக்குப் பதிலாக ஒயர் எரியும்.

தனி ஒயர் இழுப்பது தாராளமாகச் செய்யலாம்; ஆனால் எந்த ஒயர் என்பதில் விஷயம் இருக்கிறது. கைக்குக் கிடைத்த 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை மூன்று மீட்டர் இழுத்தால், போக வர ஆறு மீட்டர்; 6 ஆம்பியர் ஓடும்போது அதிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கி, ஏறக்குறைய 4 வாட் வெறும் ஒயரைச் சூடாக்கப் போய்விடும். இன்வெர்ட்டரை நீக்கிச் சேமித்ததில் ஒரு பங்கை இங்கே கொட்டிவிடுவீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்ட் அளவோடு நிற்கும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்; இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தால் பாதுகாப்பு அதற்குப் பிந்திய பகுதிக்கு மட்டும்தான், எஞ்சின் அறையில் உரசிக் கிழியும் பகுதிக்கு இல்லை. எஞ்சின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஒயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் கட்டாயம். இடையில், வோல்டேஜ் குறைந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் குறைவோல்டேஜ் வெட்டுக் கருவி ஒன்றைப் பொருத்தி 12.0 வோல்ட்டில் அமைத்துக்கொண்டால் மாலையில் எஞ்சினுக்கு வேண்டியது மிஞ்சும். இன்வெர்ட்டரின் 10.5-ஐ நம்ப வேண்டாம் என்று மேலே சொன்னதை நானும் வழிமொழிகிறேன்.

பத்து நிமிடக் கதைக்கு வருகிறேன். எஞ்சினைக் கிளப்பும் அந்த ஓரிரு நொடிக்குச் செலவாகும் மின்சாரம் மிகக் குறைவு. அது உடனே திரும்பிவிடும். ஆனால் ஈய-அமில பேட்டரி மின்சாரத்தை மெதுவாகத்தான் வாங்கும். நிறைய நிறைய இன்னும் மெதுவாகும். கடைசி இருபது விழுக்காட்டுக்குப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பத்து நிமிடத்தில் சிறிது ஏறும், அவ்வளவுதான். பெட்ரோல் கணக்கோ மோசம். சிறிய கார் நின்ற நிலையில் ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும்; ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் (கிலோவாட்-மணி) ஆற்றல் இருக்கிறது. முப்பது வாட்டுக்காகப் பல கிலோவாட்டை எரிப்பது எந்த வகையிலும் சிக்கனம் ஆகாது. மூடிய ஷெட்டுக்குள் அப்படி ஓட விட்டுக்கொண்டு வண்டிக்குள் உட்காருவது உயிருக்கே ஆபத்து; காற்றாடிக்காட்டில் அந்தக் கவலை இல்லை என்றாலும் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பேட்டரியைப் பாதியாக இறக்கி, பாதி மட்டும் ஏற்றி, மறுபடி இறக்கும் பழக்கம் தொடர்ந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். உங்கள் பேட்டரி ஏற்கெனவே அந்த வழியில் கொஞ்ச தூரம் போயிருக்கும் என்று தோன்றுகிறது. வீட்டில் ஓர் இரவு முழுவதும் மெதுவான சார்ஜரில் போட்டு, எடுத்த பின் சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, மேலே சொன்ன 12.6 வோல்ட் காட்டுகிறதா என்று அளந்து பாருங்கள்.

கடலோரம் எழுதியது:

அனைவரும் காரின் பேட்டரியையே சுற்றி வருகிறீர்கள். வண்டியைக் கிளப்புவதற்காகச் செய்த பேட்டரியிடம் இந்த வேலையைக் கேட்பதே தவறு என்பது என் கருத்து. அதன் தகடுகள் மெல்லியவை. நொடி நேரத்துக்குப் பெரும் மின்னோட்டம் தருவதற்காக அமைந்தவை. 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றைத் தனியாக வைத்தால் 256 வாட்-மணி உங்கள் கையில் இருக்கும். மடிக்கணினிக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாது. ஆயிரக்கணக்கான முறை இறக்கி ஏற்றினாலும் தாங்கும். ஆனால் அதை ஆல்டர்னேட்டரோடு நேராக இணைத்துவிடக் கூடாது. உள்மின்தடை மிகக் குறைவு என்பதால் ஒரேயடியாக இழுக்கும். ஒயரும் ஆல்டர்னேட்டரும் சூடாகும். நடுவே 10 ஆம்பியர் அளவில் கட்டுப்படுத்தும் டி.சி. சார்ஜர் ஒன்று வேண்டும்.

ஆம்பியர் எழுதியது:

கடலோரம் சொல்வதில் தொழில்நுட்பப் பிழை எதுவும் இல்லை. ஆனால் நான்கு மணி நேரத் தேவைக்குத் தனி பேட்டரி, தனிச் சார்ஜர், தனி ஒயர் என்று போவது மிகை என்பேன். வேனில் தங்கிப் பல நாள் வேலை செய்பவருக்கு அது பொருந்தும். வெயிலில் பூட்டிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியை நெருங்கக்கூடும். அந்த இடத்தில் லித்தியம் பேட்டரியை நிலையாகப் பொருத்தி வைக்கவும் எனக்குத் தயக்கம் உண்டு.

கேள்வி கேட்டவரின் மடிக்கணினி டைப்-சி ஏற்பதால் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 27,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் என்றால் 100 வாட்-மணி. 65 வாட் வெளியீடு உள்ளதாகப் பார்த்து வாங்கினால், வோல்டேஜ் மாற்றத்தில் போகும் பங்கைக் கழித்தும் 80 வாட்-மணிக்கு மேல் மடிக்கணினிக்குச் சேரும். வரும் வழியில் கார் சார்ஜரின் ஒரு துளையில் மடிக்கணினி, மறு துளையில் பவர் பேங்க். இறங்கும்போது இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். காரின் பேட்டரியிடம் நான்கு மணி நேரமும் எதுவும் கேட்க வேண்டியிருக்காது. தனி ஒயரும் வேண்டாம். சேமித்து எடுக்கும்போது ஏற்படும் இழப்பால் இது நேரடிச் சார்ஜரைவிடத் திறன் குறைந்த வழிதான். ஆனால் அந்த இழப்பு ஓடும் எஞ்சினின் கணக்கில் போகிறது, நிற்கும் பேட்டரியின் கணக்கில் அன்று.

காற்றாடிக்காடு எழுதியது:

பவர் பேங்க் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. மேலே கோபுரத்துக்குள் கொண்டு செல்லவும் உதவும். சார்ஜரைச் செருகியபடியே எஞ்சினைக் கிளப்பலாமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பணிமனை எழுதியது:

கிளப்பிய பிறகு செருகுங்கள், ஐயா. ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் 9-க்கும் கீழே விழுந்து எழும். நல்ல சார்ஜர் அதைத் தாங்கி மீண்டும் இயங்கும் என்றாலும், இணைப்பு அறுந்து அறுந்து சேர்வதால் மடிக்கணினிக்கு நன்மை ஏதும் இல்லை. அதைவிட முக்கியமாக, பேட்டரி முனைகளின் இறுக்கத்தைப் பாருங்கள். ஓடும் வண்டியில் தளர்ந்த முனை ஒரு கணம் விலகினால் ஆல்டர்னேட்டரிலிருந்து பல பத்து வோல்ட் அளவுக்கு அலை எழும்பும். 12 மட்டுமன்றி 24 வோல்ட்டுக்கும் உரியது என்று குறித்த, திடீர் மிகை வோல்டேஜைத் தாங்கும் பாதுகாப்புள்ள சார்ஜரை வாங்கச் சொல்வது அதனால்தான். வண்டியைப் பூட்டிய பின்னும் உங்கள் சாக்கெட்டில் மின்சாரம் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வந்தால் இரவில் சார்ஜரைக் கழற்றி வைக்க வேண்டும்.